லீவில் போன சிப்பாய் யாருடைய ஆள்?

டி.ஏ. பட்டாலியனுக்கு மாற்றல் வந்துவிட்டது என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னைப் பார்க்க வரும் தம்பிகளே, முதலில் அந்த முகத்தை நிமிர்த்துங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வராது. நீங்கள் ரெகுலர், நிரந்தரப் பட்டாளத்துக்காரர்கள். டெரிட்டோரியல் ஆர்மிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனாலும் சரி, பனிமலையில் காவல் நின்றாலும் சரி, ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தாலும் சரி, மாதம் பிறந்தால் உங்கள் சம்பளம் வந்து நிற்கும். குறை எல்லாம் நீங்கள் பயிற்சி கொடுக்கப் போகிறீர்களே, அவர்களுக்குத்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கவாத்தும் துப்பாக்கியும் உங்களுக்குத் தெரியும். தெரியாதவனைப் பயிற்சியாளன் என்று அனுப்ப மாட்டார்கள்.

நான் சுபேதாராக, பட்டாளத்துப் பேச்சில் ‘சாப்’பாக, ஓய்வு பெற்று ஒடுகத்தூரில் உட்கார்ந்திருக்கிறேன். கடைசிச் சில வருஷங்கள் டி.ஏ. பட்டாலியன் ஒன்றில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை பார்த்தேன். எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது ஒரே ஒரு புத்திமதி சொன்னார். அவங்க வூட்டுக் கதையை மட்டும் கேட்காதே, கேட்டால் தூக்கம் வராது என்றார். நல்ல மனுஷன். சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. உண்மையாக இருந்தாலும் அது கெட்ட புத்திமதி.

டி.ஏ. என்றால் என்ன என்று மேலோட்டமாகத் தெரிந்து வைத்திருப்பீர்கள். தேவைப்படும்போது கூப்பிடுவார்கள். கூப்பிட்டுச் சேவையில் ஏற்றிய நாளிலிருந்து ரெகுலருக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம், அதே சாப்பாடு, அதே உடுப்பு. தேவை முடிந்தால் இறக்கிவிடுவார்கள். இறக்கிய மறுநாள் காலணா கிடையாது. இறக்கிவிட்டது இரண்டு மாதத்துக்கா, இரண்டு வருஷத்துக்கா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பென்ஷனுக்கும் ஏற்றி வைத்திருந்த காலம் மட்டும்தான் கணக்கு. சும்மா இருந்த காலம் சேராது. அதனால் ரெகுலர் சிப்பாய் இளம் வயதில் எட்டிவிடுகிற பென்ஷனை டி.ஏ. சிப்பாய் தலை நரைத்தும் எட்டாமல் நிற்பான். ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலு என்பார்களே, அந்தக் கதைதான்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். வெளியே பிழைப்புக்கு ஒரு வேலை இருக்கிறவன்தான் டி.ஏ.வில் சேரலாம் என்பது விதி. இறக்கிவிட்டால் அந்த வேலையைப் பார்த்துக்கொள்வானாம். டவுனில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறவனுக்கு எழுதிய விதி அது. ஜவ்வாது மலையிலிருந்து வந்த அண்ணாமலையும் அந்த விதிப்படிதான் சேர்ந்தான். வேலை என்ன என்று கேட்டதற்கு விவசாயம் என்று சொல்லியிருக்கிறான். ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் சரிவில் கொஞ்சம் நிலம். சாமை விதைப்பான். மூன்று புளியமரம். மழை ஏமாற்றினால் சாமை இல்லை. காய்ப்பு ஏமாற்றினால் புளி இல்லை. அவ்வளவுதான் அவன் உத்தியோகம்.

அண்ணாமலையைப் பற்றி நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். சொல்லித்தான் தீர வேண்டும். மலையேற்றத்தில் அவனுக்குப் பின்னால் போகிறவனுக்கு நுரை தள்ளும். ஒரு தடவை சொன்னால் போதும், மறுதடவை சொல்ல வேண்டியிருக்காது. ‘தம்’, அதாவது நில் என்று ஆணை கொடுத்தால் கல்லாக நிற்பான். உடுப்பை அவ்வளவு ஆசையாகத் தேய்த்துப் போடுகிற ஆளை ரெகுலரில்கூட நான் பார்த்ததில்லை. பென்ஷனுக்கு அவனுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி இருந்தது. ஒரு தடவை ஏற்றினால் போதும், எட்டிவிடுவான். அது கிடைத்தால் புளியமரத்தை நம்ப வேண்டாம், மழையையும் நம்ப வேண்டாம், பொண்டாட்டி மல்லிகா உட்கார்ந்து கஞ்சி குடிப்பாள் என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

மாதம் பிறந்தால் பாரக்கில் எல்லார் போனும் சம்பளம் வந்துவிட்டது என்று கத்தும். அப்போது ஒரு சின்ன வயசு ஹவில்தார், ரெகுலர், டி.ஏ. பையன்களைப் பார்த்து, சீசன் சிப்பாய்களா, சீசன் முடிவதற்குள் அனுபவியுங்கள் என்று கிண்டல் செய்வான். எல்லாரும் சிரிப்பார்கள். அண்ணாமலையும் சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

ஒரு வருஷம் பட்டாலியனில் அவன் இருந்த பிரிவை, அந்தக் கம்பெனியை, முழுசாக இறக்கிவிட்டார்கள். தேவை முடிந்துவிட்டதாம். பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அண்ணாமலை என்னிடம் வந்து, போய்ட்டு வர்றேன் சாப், சீக்கிரம் கூப்பிடுங்க என்றான். கூப்பிடுவது என் கையில் இருக்கிற மாதிரி நானும் தலையாட்டினேன்.

அப்புறம் பல மாதம் பேச்சு மூச்சு இல்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன், போன் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் ஏதோ ஒரு காவல் நிலையம். பேசியவர் இன்ஸ்பெக்டர். தெலுங்கு கலந்த தமிழ். செம்மரம் வெட்டப் போன கூட்டத்தைப் பிடித்திருக்கிறோம், அதில் ஒருவன் தன்னைப் பட்டாளத்துக்காரன் என்கிறான், உங்கள் நம்பரைக் கொடுத்தான், அண்ணாமலை என்று பேர் என்றார்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. மலைமேல் கையில் காசில்லாத வீடுகளாகப் பார்த்து ஏஜென்ட் வருவான். முன்பணம் கொடுப்பான். நாலு நாள் மரம் வெட்டினால் நாலு மாதச் சோறு என்பான். போனவர்களில் சிலர் திரும்பி வருவார்கள், சிலர் ஜெயிலுக்குப் போவார்கள், சிலர் பிணமாக வருவார்கள். அந்த வருஷம் சாமையும் இல்லை, புளியும் இல்லை. இவனும் போயிருக்கிறான்.

அந்த இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. வெளிப்படையாகவே பேசினார். இவன் வெறும் கூலி என்றால் மற்ற கூலிகளோடு சேர்த்து எழுதிவிடுவேன், ஜாமீன் கிடைத்துவிடும். பட்டாளத்தில் பயிற்சி எடுத்தவன் என்றால் கூட்டத்துக்கே தலைவன் என்றுதான் மேலே எடுத்துக்கொள்வார்கள், பேப்பரில் வரும், உங்கள் ஆபீசருக்கும் தகவல் போகும். சொல்லுங்கள், உங்கள் ஆளா இல்லையா, இப்போதே எழுத வேண்டும் என்றார்.

யோசிக்க நேரம் கேட்டேன். இல்லை என்றார். அவனிடம் பேச வேண்டும் என்றேன். போனைக் கொடுத்தார்.

“சாப், உங்க ஆளுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சாப்” என்றான். குரல் கம்மிப் போயிருந்தது. அடித்திருந்தார்கள். “இன்னா சொன்னாலும் நம்ப மாட்றாங்க. திருடன்றாங்க. நான் பட்டாளத்துக்காரன்னு நீங்க சொன்னா போதும்.”

 மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அவன் சேவையில் இல்லை. இறக்கிவிடப்பட்டவன். எங்கள் ஆள் இல்லை என்றால் அது பொய்யும் இல்லை. எங்கள் ஆள் என்று சொன்னால் ஆபீசர் காதுக்குப் போகும், பேரை அடித்துவிடுவார்கள், எட்டும் தூரத்தில் இருக்கிற பென்ஷன் போய்விடும்.

“வாயை மூடிக்கிட்டு கூலின்னு சொல்லுடா. பட்டாளம்னு எவன்கிட்டயும் மூச்சு விடாதே. பேரு கெட்டா பென்ஷன் போச்சு” என்றேன்.

 “சரி சாப்” என்றான். எத்தனையோ ஆணைக்கு அவன் சரி சாப் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன், இப்படிக் கேட்டதில்லை. இன்ஸ்பெக்டர் போனை வாங்கினார். இப்போது எங்கள் சேவையில் இல்லாதவன், கூலிக்காரன்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தம்பிகளே, இந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று என்னைப் பார்க்க வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் நான் சொன்னது சரி என்கிறார்கள். மீதிப் பேர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். இன்றைக்கு அதே போன் வந்தாலும் நான் அதையேதான் சொல்வேன். வேறு எதைச் சொன்னாலும் அன்றைக்கே அவன் கதை முடிந்திருக்கும்.

சில மாதத்தில் ஜாமீனில் வந்தான். மல்லிகா எனக்குப் போன் செய்து, நீங்க நல்லா இருக்கணுங்க என்று அழுதாள். கேஸ் இழுத்துக்கொண்டு கிடந்தது. அடுத்த வருஷம் கம்பெனியை மறுபடி ஏற்றினார்கள். அண்ணாமலை வந்தான். சல்யூட் அடித்தான். நடந்ததைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றிய திமிர் எனக்கு. தப்பித்தாய் பார்த்தாயா என்கிற மாதிரி அவனைப் பார்ப்பேன். அவன் கீழே பார்ப்பான். லீவில் ஊருக்குப் போகிறவர்கள் பட்டாளத்துப் பனியனும் பையுமாக மிதப்பாகப் போவார்கள். இவன் மட்டும் சாயம் போன சட்டையில் போவான். அடையாள அட்டையை ஊரில் ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவான் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். ஜாக்கிரதையான பையன் என்றுதான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் சீசன் சிப்பாய் என்று கிண்டல் செய்த அந்த ஹவில்தார், லீவில் போன இடத்தில் கல்யாண வீட்டில் குடித்துவிட்டு அடிதடியில் இறங்கி ஸ்டேஷனில் உட்கார்ந்தான். தகவல் வந்ததும் காலையிலேயே ஒரு ஆபீசரும் ஜீப்பும் போய், சமாதானம் பேசி, அழைத்து வந்துவிட்டார்கள். ஏழு நாள் கூடுதல் வேலை கொடுத்தார்கள், தீர்ந்தது. ஜீப்பிலிருந்து அவன் இறங்கியபோது அண்ணாமலை சமையல் கூடத்து வாசலில் வெங்காய மூட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

புளி உலுக்கும் காலத்தில் அண்ணாமலை லீவில் போனான். முறையான லீவு. சேவையில் இருக்கிறவன், சம்பளம் ஓடுகிறது. பென்ஷனுக்கு இன்னும் சில மாதம்தான். லீவு முடிந்தும் ஆள் வரவில்லை. போன் செய்தால் அணைந்திருந்தது. மல்லிகாவுக்குப் போட்டேன். காய்ச்சலுங்க, எழுந்திருக்க முடியல என்றாள். டாக்டர் சீட்டு அனுப்பச் சொன்னேன். சரிங்க என்றாள். வரவில்லை. இன்னொரு முறை கேட்டேன். அதே காய்ச்சல்.

பட்டாளத்தில் அதற்கு மேல் பொறுக்க மாட்டார்கள், உங்களுக்கே தெரியும். விசாரணை வைத்துத் தப்பியோடியவன் என்று எழுதிவிட்டார்கள். டி.ஏ.காரன்தானே, ஏதோ கூலிக்குப் போயிருப்பான் என்று எழுதும்போதே ஒருவர் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டு வேலூரிலிருந்து அமிர்தி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி மலைக்குப் போனேன்.

மல்லிகா வாசலில் கோணி விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தட்டுக்கழியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடப் பார்த்தாள். காய்ச்சல்காரன் எங்கே என்று கேட்டேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னது இதுதான். அவளுடைய தம்பி சிவாவை ஏஜென்ட் பிடித்துவிட்டான். முன்பணத்தை வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டு அவன் அடிவாரத்துக்குப் போய்விட்டான். விஷயம் தெரிந்து அண்ணாமலை பின்னாலேயே இறங்கிப் போய், ஒடுகத்தூரில் ஏஜென்ட்டின் வேனைப் பிடித்துவிட்டான். வாங்கிய பணத்தை வைத்துவிட்டுக் கூட்டிப் போ என்றிருக்கிறான் ஏஜென்ட். சம்பளம் வந்ததும் தருகிறேன் என்று இவன் கெஞ்சிக்கொண்டே வேனில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். பேசிப் பேசி அடுத்த ஊரில் சிவாவை இறக்கிவிடலாம் என்ற நினைப்பு. இறக்க விடவில்லை. எல்லை தாண்டியதும் போலீஸ் மறித்தது. வேனில் இருந்தவர்கள் திசைக்கு ஒருவராக ஓடினார்கள். சிவாவும் ஓடித் தப்பித்து வீடு வந்து சேர்ந்தான். அண்ணாமலை ஓடவில்லை. நில் என்று போலீஸ்காரர் சத்தம் போட்டதும் நின்ற இடத்தில் நின்றுவிட்டானாம். சிவாதான் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடியிருக்கிறான்.

நில் என்றால் நிற்கச் சொல்லிக் கொடுத்தது நாங்கள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எனக்கு ஒரு போன் போடக் கூடாதா, இத்தனை நாள் காய்ச்சல் என்று கதை சொன்னாயே என்று சத்தம் போட்டேன்.

“அவருதாங்க சொல்லி வெச்சிருந்தாரு” என்றாள். “எங்க மாட்டினாலும் சாப்புக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா பென்ஷன் பூடும், சாப்பே சொல்லியிருக்காருன்னு. நீங்க சொன்னதத்தானுங்க நாங்க கேட்டோம்.”

 வாசல் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

முதல் தடவை அவன் எங்கள் ஆள் இல்லை. சொன்னால் கெட்டான். இரண்டாவது தடவை அவன் சேவையில் இருக்கிற சிப்பாய். மரம் வெட்டப் போகவில்லை, மச்சானை மீட்கப் போனவன். ஒரு வார்த்தை எங்களுக்கு வந்திருந்தால், அந்த ஹவில்தாருக்குப் போன ஜீப் இவனுக்கும் போயிருக்கும், ஆபீசர் நேரில் போய் லீவுச் சீட்டைக் காட்டிப் பேசியிருப்பார். ஆந்திரா ஜெயிலில் அடைத்துவிட்டார்கள், பழைய கேஸும் இருந்ததால் இந்தத் தடவை ஜாமீனும் கிடைக்கவில்லை. திரும்பிப் போய் எங்கள் கமாண்டிங் ஆபீசரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தப்பியோடியவன் என்பதை வேண்டுமானால் மாற்றலாம் சாப், ஆனால் இரண்டு செம்மரக் கேஸ் இருக்கிற ஆளை எப்படி வைத்துக்கொள்வது, எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? ரெகுலராக இருந்திருந்தால் இவன் முதல் கேஸுக்கே போயிருக்க மாட்டான் என்றேன். அவர் ஃபைலை மூடி ஓரமாக வைத்தார்.

நீங்கள் அங்கே போனதும் அவர்களை உட்கார வைத்து ஒன்று சொல்லுங்கள். சேவையில் ஏற்றியிருக்கும்போது லீவில் இருந்தாலும், மாமியார் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் நீங்கள் எங்கள் ஆள், எது நடந்தாலும் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று சொல்லுங்கள். இதைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இறக்கிவிட்டபின் எங்கே போவோம் சாப் என்று ஒருவன் கேட்பான்.  

அண்ணாமலையைப் பார்க்க அந்த ஜெயிலுக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். பாதி ஆளாகியிருந்தான். என்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் குதிகாலைச் சேர்த்தான். கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வாய் நிற்கவில்லை. ஏன்டா சொல்லவில்லை, அந்த ஹவில்தாருக்கு ஜீப் போனதைப் பார்த்தாயே என்று கேட்டுவிட்டேன்.

“அவரு ரெகுலர் சாப்” என்றான். “லீவுல இருக்கும்போது நான் உங்க ஆளா இல்லியான்னு எனக்குத் தெரியல. சொல்லி நீங்க இல்லன்னுட்டா அப்பால இன்னா பண்றதுன்னு கூலின்னு சொல்லிட்டேன்.”

“லீவுன்னாலும் சேவைதான்டா. அன்னிக்கு உனக்கு சம்பளம் ஓடிக்கிட்டு இருந்துச்சு.”

அவன் என்னையே பார்த்தான். “அப்ப அன்னிக்கு நான் பட்டாளத்துலதான் இருந்தேனா சாப்?”

ஆமாம் என்றேன். வார்டர் நேரமாகிவிட்டது என்றார். அண்ணாமலை முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். கம்பிக்குக் கிட்டே வந்தான்.

“அப்ப மல்லிகாகிட்ட சொல்லுங்க சாப். பேங்குக்குப் போயி அந்த மாசச் சம்பளம் வந்துச்சான்னு பாக்கச் சொல்லுங்க. சிவா வாங்கின பணத்த ஏஜென்ட்டு மூஞ்சில வுட்டெறிஞ்சிடலாம்.”

தப்பியோடியவன் என்று எழுதிய அன்றே அவன் சம்பளக் கணக்கை முழுசாக நிறுத்தி வைத்திருந்தார்கள். சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.